துப்பாக்கிக்கு முன்னால் தராசு: தொழிலாளர் வரலாற்று வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரிச் சுரங்கப் போராட்டங்களைப் பாடமாக எடுக்கும்போது பெரும்பாலும் 1921-இல், மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் தொடங்குகிறீர்கள். சுமார் 10,000 தொழிலாளர்கள், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, எதிரே லோகன் மாவட்ட ஷெரீஃப் டான் சேஃபினின் ஆட்கள், விமானத்திலிருந்து போட்ட குண்டுகள். கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்பு முடிந்து கிளம்புகிறவரிடம் எதற்காகச் சண்டை என்று கேட்டால், சங்கம் வைக்க என்பார். சங்கம் எதற்கு என்றால் விழிப்பார். சுரங்க வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: பாடத்தை எடைத் தராசிலிருந்து தொடங்குங்கள்.

அங்கே கரி எடுத்தது அறை-தூண் முறையில். முதன்மைப் பாதையின் இரு பக்கமும் அறை அறையாக வெட்டிக்கொண்டே போவார்கள். இடையில் வெட்டாமல் விட்ட கரியே தூணாக நின்று கூரையைத் தாங்கும். ஓர் அறையில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மேஸ்திரி நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலே அதிகம். அவர்களுடைய நேரத்தைக் கண்காணிக்க வழியில்லாத கம்பெனி மூன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டது: கரியின் எடை, கடைக் கணக்கு, வீட்டுச் சாவி. வம்பெல்லாம் இந்த மூன்றில்தான்.

வேலையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். முதலில் அடிவெட்டு. ஒருக்களித்துப் படுத்து, கரிச்சுவரின் அடியில் குந்தாலியால் நான்கைந்து அடி ஆழத்துக்குப் பறிக்க வேண்டும். அப்போதுதான் மேலே வெடிவைக்கும்போது கரி இறங்க இடம் இருக்கும். 1912 வாக்கில் பல சுரங்கங்களில் இதை இயந்திரம் செய்தது, ஆனால் அள்ளுவது கையால்தான். அடுத்து, நெஞ்சில் அண்டக்கொடுத்துச் சுற்றும் துரப்பணத்தால் துளை போடுவார்கள். காகிதத்தைக் குச்சியில் சுற்றிக் குழாயாக்கி, கருமருந்து நிரப்பி உள்ளே தள்ளுவார்கள். நீளமான செம்பு ஊசியை மருந்துக்குள் செருகி, சுற்றிலும் ஈரக் களிமண்ணைக் கெட்டித்து ஊசியை உருவினால் திரிக்கு வழி கிடைக்கும். இரும்பு ஊசி கல்லில் உரசினால் பொறி பறக்கும், அதனால்தான் செம்பு. களிமண்ணைத் தேடாமல் காலடியில் கிடக்கும் கரித்தூளால் அடைத்தால் நேரம் மிச்சம். ஆனால் வெடி கரியை உடைக்காமல் துளை வழியே திரும்பிச் சீறினால் அந்தத் தூளும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். அடிவெட்டே இல்லாமல் மருந்தைக் கூட்டி வெடிப்பதிலும் இதே ஆபத்துதான். இது தெரியாமல் யாரும் செய்யவில்லை. எடைக்குத்தான் கூலி என்றபோது களிமண் தேடும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? 1907 டிசம்பர் 6-இல் மேற்கு வர்ஜீனியாவின் மொனங்கா சுரங்க வெடிப்பில் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 362 பேர் செத்தார்கள். அங்கே முதலில் எது பற்றியது என்பதில் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

வெடிப்புகள்தான் பத்திரிகையில் வந்தன. கூரை சரிந்து ஒருவர் இருவராகச் செத்தவர்களே மொத்தத்தில் அதிகம். குந்தாலியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உறுதி, மத்தளம்போல் மந்தமாகக் கேட்டால் பாறை விட்டுவிட்டது என்று அர்த்தம், உடனே முட்டு கொடுக்க வேண்டும். பழங்கால மரத்தின் அடிப்பகுதி கல்லாகிக் கூரைக்குள் நின்றிருக்கும். அதைச் சுற்றி வழவழப்பான மெல்லிய கரித்தோல் இருப்பதால் பிடிப்பே கிடையாது. கீழே கரியை எடுத்ததும் எந்தச் சத்தமும் இல்லாமல் நேராக நழுவி விழும். மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியிலும் கென்டக்கியிலும் இது சகஜம். முட்டு நடுவது, தண்டவாளம் போடுவது, தேங்கிய தண்ணீரை இறைப்பது, விழுந்த கல்லை அகற்றுவது எதற்கும் பல இடங்களில் கூலி இல்லை. கூரையைக் காப்பாற்றினால் அன்றைய வருமானம் போகும். பாதுகாப்புப் பற்றித் தனியாக ஒரு வகுப்பு எடுக்காதீர்கள், அதைக் கூலிப் பாடத்துக்குள்ளேயே வையுங்கள்.

இனி தராசு. கரி நிரம்பியதும் தொழிலாளர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வண்டியில் மாட்டி அனுப்புவார். வெளியே எடைபோடுபவர் வில்லையைக் கழற்றி அந்த எண்ணுக்கு வரவு வைப்பார். அங்கே நடப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பல சுரங்கங்களில் எடையே போடவில்லை: வண்டிக்கு 2,000 பவுண்டு என்று எழுதிக்கொண்டு, பலகை அடித்து உயர்த்திய வண்டியில் 2,500 பவுண்டு வரை அள்ள வைத்தார்கள். வேறு இடங்களில் டன் என்பதே 2,240 பவுண்டு. கல் கலந்திருக்கிறது என்று கம்பெனி ஆள் சொன்னால் பிடித்தம். எவ்வளவு என்பதும் அவர் இஷ்டம். 1912-இல் மேற்கு வர்ஜீனியாவின் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் பகுதி வேலைநிறுத்தக்காரர்கள் கேட்டதைப் பாருங்கள்: எல்லாச் சுரங்கத்திலும் தராசு, எடையைச் சரிபார்க்கத் தொழிலாளர் தரப்பு ஆள், பலகை அடிப்பதை நிறுத்துவது. டன்னுக்கு 2.5 சென்ட் உயர்வும் அதே போராட்டத்தில்தான்.

கடையைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நிறையப் பேசுகிறீர்கள், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கன் காசைக் காட்டினால் போதும். வீட்டைத்தான் விட்டுவிடுகிறீர்கள். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். சட்டத்தின் கண்ணில் அவர் வாடகைதாரரல்ல, எஜமானின் வீட்டில் தங்கிய வேலைக்காரர். அதனால்தான் ஒவ்வொரு வேலைநிறுத்தமும் உடனே கூடார முகாமானது. 1913 பிப்ரவரியில் கவச ரயிலிலிருந்து ஹாலி குரோவ் கூடாரங்களைச் சுட்டார்கள். 1920 மே 19-இல் மேட்வான் ஊரில், கம்பெனிகள் அமர்த்திய பால்டுவின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் குடும்பங்களைச் சாமான்களோடு வெளியேற்றினார்கள். அதனால் மூண்ட துப்பாக்கிச் சண்டை முடிந்தபோது ஊர் மேயரும் அந்த ஆட்களில் ஏழு பேரும் உட்பட பத்துப் பேர் செத்துக் கிடந்தார்கள். தொழிலாளர் பக்கம் நின்ற காவல் தலைவர் சிட் ஹேட்ஃபீல்டை 1921 ஆகஸ்ட் 1-இல் வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டில் சுட்டுக் கொன்றார்கள். பிளேர் மலை இதற்கெல்லாம் பிறகுதான். அதைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கலாம்.

பிளேர் மலையை வெற்றியாகவும் காட்டாதீர்கள். கூட்டாட்சிப் படை வந்ததும் தொழிலாளர்கள் கலைந்தார்கள், தேசத்துரோக வழக்குகள் வந்தன, மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில் சங்கம் ஏறக்குறைய அழிந்தது. 1933-இல் கூட்டாட்சிச் சட்டம் சங்க உரிமையை ஏற்ற பிறகுதான் எட்டு மணி நேர வேலையும் எடை சரிபார்ப்பாளரும் ஒப்பந்தத்தில் ஏறின.

வகுப்பில் இந்தக் கணக்கைப் போட வையுங்கள். ஒருவர் ஒரு நாளில் 6 வண்டி, ஒவ்வொன்றிலும் 2,500 பவுண்டு அள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15,000. கணக்கில் ஏறுவது 12,000. ஒரு வண்டி கல் என்று தள்ளப்பட்டால் 10,000. டன் 2,000 பவுண்டு, கூலி டன்னுக்கு 50 சென்ட் என்றால், கைக்கு வருவது இரண்டரை டாலர், வராமல் போனது ஒன்றேகால் டாலர். தராசை அப்படியே விட்டுவிட்டு டன்னுக்கு 2.5 சென்ட் உயர்த்தினால் கிடைப்பது 12.5 சென்ட், அதாவது போனதில் பத்தில் ஒரு பங்கு.

இப்படிக்கு,
சுரங்கத் தொழில் அறிந்த சிலர்