குடோனில் கிடக்கும் ஸ்டூல்கள்: ஜவுளிக்கடை ஃப்ளோர் சூப்பர்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். தி.நகரில் சேலை விற்கிற பெண் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். ஒரு கடையில் நடப்பதுதான் பக்கத்துக் கடையிலும் நடக்கிறது. நானும் கடை மாறி மாறி வேலை பார்த்தவள்தான்.

முதலாளிக்கு எழுதாமல் எங்களுக்கு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். முதலாளியை நாங்கள் ஆயுத பூஜையன்று பார்ப்போம், தீபாவளி போனஸ் கவர் வாங்கும்போது பார்ப்போம். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு முதலாளி நீங்கள்தான். பாத்ரூம் போகலாமா, சாப்பிடப் போகலாமா, ஊரில் பாட்டி தவறிப்போச்சு, ரெண்டு நாள் லீவு கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறோம். உங்களில் நல்லவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன், மற்றவர்களிடமும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரையும் பார்த்தவள் என்ற முறையில் நாற்காலி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

2021 செப்டம்பர் 6 அன்று, அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். 1947-இல் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை வராதபடி, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள, எல்லாப் பணியாளர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சேதி வந்த அன்றைக்கு எங்கள் ஹாஸ்டலில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. உட்காரலாமாம், உட்காரலாமாம் என்று அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் போனது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் அவருடைய தோழிகளும் சேர்ந்து 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பு நடத்தினார்கள். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. அந்தத் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போக இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே நின்றிருக்கிறார்கள். அப்புறம்தான் உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். 2014 கடைசியில் தொடங்கி திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் வந்தது. அந்த வருடம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியும் இருந்தார். இதைவிடப் பழைய கதையும் உண்டு. இங்கிலாந்தில் மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று 1899-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒன்றும் புதுசாக எதையும் கேட்கவில்லை.

சரி, சட்டம் வந்தது. ஸ்டூலும் வந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல்தான், ஆனாலும் வந்தது. கொஞ்ச நாள் கவுண்டருக்குப் பின்னால் இருந்தது. பிறகு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் வழியில் இடிக்கிறது என்று ஓரமாகப் போனது, அங்கிருந்து டிரையல் ரூம் பக்கம் போனது, மனைவிக்காகக் காத்திருக்கும் கணவன்மார் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி குடோனுக்குப் போய்விட்டது. லேபர் ஆபீஸர் வருகிறார் என்று கீழேயிருந்து தகவல் வந்தால் மட்டும் இறங்கும். அவர் போனதும் ஏறிவிடும். இது நான் பார்த்த ஒரு கடையின் கதை. உங்கள் கடையில் அப்படி இல்லையென்றால் சந்தோஷம், மடலை மடித்து வைத்துவிடலாம்.

ஸ்டூல் இல்லாத ஃப்ளோரில் நாங்கள் எப்படி உட்காருகிறோம் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பீர்கள். கீழ் ரேக்கில் ஸ்டாக் தேடுவதுபோலக் குத்தவைப்போம். தூணுக்கு அந்தப் பக்கம் கேமரா பார்க்காத இடம் எது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூத்த அக்காக்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். டிரையல் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ரெண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கையில் ஒரு சுடிதாரோடு வெளியே வருவோம். கால் வலிக்கிறது என்பதற்காகத் திருட்டு வேலை பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

நாள் முழுக்க நிற்பதென்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்தால் கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது, ரத்தம் காலிலேயே தேங்கும். அதனால்தான் நடக்கிற வேலையைவிட நிற்கிற வேலை அதிகமாகக் கொல்கிறது. வருடம் போகப் போக முழங்காலுக்குப் பின்னால் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொள்ளும். டாக்டரிடம் போனால் வெரிகோஸ் என்பார், முதல் கேள்வியே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான். மாதவிடாய் நாட்களைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, அக்காக்களுக்குத் தெரியும், அண்ணன்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

"கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா?" என்று எனக்குப் பதில் சொன்ன சூப்பர்வைசர்கள் உண்டு. கஸ்டமர் வரும்போது உட்காருவோம் என்று யார் சொன்னது? வாய்ப்புக் கிடைக்கும்போது என்றுதானே சட்டமே சொல்கிறது. காலையில் சாமி கும்பிட்டு, தூசி தட்டி, பொம்மைக்குச் சேலை கட்டி முடித்த பிறகு முதல் கஸ்டமர் வரும்வரை ஒரு நேரம் இருக்கிறது. மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு மணி வரை ஃப்ளோரில் ஃபேன் சத்தம்தான் கேட்கும். தீபாவளி முடிந்த அடுத்த வாரம், மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முகூர்த்தம் இல்லாத மாதக் கடைசி, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அந்த நேரத்திலும் சிலை மாதிரி நில் என்றால் அது கஸ்டமருக்காக இல்லை, கேமராவுக்காக.

மரியாதை என்ற பேச்சு வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். நம் ஊர்ப் பழைய ஜவுளிக்கடைகளில் எப்படி விற்றார்கள்? வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார், வருகிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவார்கள். பட்டுச் சேலையை மடியில் வைத்துத்தான் விரித்துக் காட்டுவார். காஞ்சிபுரத்தில் இன்றைக்கும் சில கடைகளில் அப்படித்தான். உட்கார்ந்து விற்பது அவமரியாதை என்றால் நம் அம்மாக்களின் கல்யாணப் பட்டெல்லாம் அவமரியாதையாக வாங்கியதா? கண்ணாடி ஷோரூம் வந்த பிறகு வந்த பழக்கத்தைப் போய் நம் பண்பாடு என்கிறீர்கள்.

இப்போது உங்களில் நல்லவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. பட்டு செக்‌ஷனில் எனக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவர் எதற்கும் பெரிதாகப் பேசமாட்டார். மத்தியானமானால் "நீ போ, அப்புறம் நீ" என்று கை காட்டுவார், அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வருவோம். பாத்ரூம் போக அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். பில்லில் யார் நம்பர் விழுகிறதோ அவருக்குத்தான் இன்சென்டிவ் என்பதால், புதுசாக வந்த பிள்ளைகளுக்கு நல்ல கஸ்டமரை மூத்தவர்கள் விடவே மாட்டார்கள். அதை அவர் கவனித்து முறைவைத்துப் பிரித்துவிடுவார். ஒரு அம்மா முப்பது சேலைக்கு மேல் விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போய், போகிற போக்கில் என்னைப் பற்றி கேஷ் கவுண்டரில் புகாரும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி மேனேஜரிடம் "நான்தான் அந்த ரகத்தைக் காட்டச் சொன்னேன்" என்று முடித்துவிட்டார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மா கேட்டது நிறமில்லை, பார்டர் அகலம், நீ அதைக் கேட்டிருக்கணும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் இருந்தவரை அந்த ஃப்ளோரிலிருந்து யாரும் வேலையை விட்டுப் போகவில்லை.

அவர் வேறு கிளைக்கு மாறிப் போனார். அடுத்து வந்தவர் வந்த வாரமே ஸ்டூல்களை எடுக்கச் சொன்னார். அவரும் எங்களைப் போல ஊரிலிருந்து வந்து ரேக்கில் ஏறி இறங்கியவர்தான். எடுத்தாரே தவிர ஒரேயடியாக இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். யாருக்கு அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்ததோ அவளை "நீ கொஞ்சம் உட்காரும்மா" என்பார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கஸ்டமர் முன்னால் திட்டுவது, ஒன்றும் வாங்காமல் போனவர்களின் கணக்கை நோட்டில் எங்கள் பெயருக்கு நேராக எழுதுவது, பத்து நிமிடம் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பது எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு அதிகம் உறைத்தது அந்த ஒற்றை ஸ்டூல்தான். சட்டம் எல்லோருக்கும் கொடுத்ததை அவர் தன் கையால் கொடுக்கிற பரிசாக மாற்றிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே.

அபராத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பல பேருக்குத் தெரியாது. சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் அபராதம் போட முடியாது. போடுவதற்கு முன் எங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அந்தப் பணத்தைப் பணியாளர்களின் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். இன்னொன்று, குறுகலான கவுண்டருக்குப் பின்னால் வேண்டுமென்றே உரசிக்கொண்டு போகிற ஓரிருவருக்கு: பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. கடையில் குழு இல்லையென்றால் மாவட்டத்தில் இருக்கிறது. ஹாஸ்டலில் இதையும் இப்போது சொல்லிக்கொடுக்கிறோம்.

கடுமையான சூப்பர்வைசர் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? தனியாக யாரும் போய்ப் பேசமாட்டோம். தனியாகப் போனவளுக்கு அடுத்த நாள் குடோன் டியூட்டி விழும் என்று தெரியும். மூன்று நான்கு பேராக, அவர் டீ குடித்து முடித்த நேரமாகப் பார்த்து, சண்டை மாதிரி இல்லாமல் கேட்போம். சில சமயம் நடக்கும். நடக்காவிட்டால் மூத்த அக்கா ஒருத்தியை வைத்து மேனேஜர் காதில் போடுவோம். அதுவும் நடக்காவிட்டால் பக்கத்துக் கடைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிப்போம். பழகிய பெண்கள் ஏன் நிற்காமல் போகிறார்கள் என்று மேலே மீட்டிங்கில் உங்களிடம் கேட்பார்களே, காரணங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் நிலைமையும் எங்களுக்குப் புரியாமலில்லை. கேமராவை நீங்கள் பார்ப்பதில்லை, உங்களையும் சேர்த்து யாரோ பார்க்கிறார்கள். ஃப்ளோரில் நாலு பேர் உட்கார்ந்திருப்பது ஸ்கிரீனில் தெரிந்தால் போன் உங்களுக்குத்தான் வரும். மாத டார்கெட் உங்கள் தலையில்தான். அதோடு நீங்களும் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் பேன்ட்டுக்குள் காலில் எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டியிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். சட்டம் எல்லாப் பணியாளர்களுக்கும் என்கிறது, சேல்ஸ் பெண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்தால் நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம். உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

அதனால் நல்லவராக இருங்கள் என்று கேட்டு நான் இதை எழுதவில்லை. அண்ணாச்சி நல்லவராகத்தான் இருந்தார், அவர் போனதும் எல்லாம் போய்விட்டது. யார் சூப்பர்வைசராக வருவார் என்பது எங்களுக்கு லாட்டரி மாதிரி, அதில் எங்கள் காலை வைத்து விளையாட முடியாது. நான் கேட்பது எழுத்தில் ஓர் ஏற்பாடு. வாராந்திர லீவு லிஸ்ட் ஒட்டுகிறீர்களே, அதே போர்டில் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் உட்காரும் முறையை ஒட்டுங்கள். மத்தியான நேரத்தில் ஆளுக்கு இவ்வளவு நிமிடம், இவளுக்குப் பிறகு இவள் என்று. கூட்ட நாளில் குறையட்டும், முகூர்த்த நாளில் இல்லாமலே போகட்டும், அதை நாங்களே விட்டுக்கொடுப்போம். எங்களுக்கும் இன்சென்டிவ் வேண்டும். ஆனால் விற்பனை குறைந்தவளுக்கு இல்லை, எதிர்த்துப் பேசியவளுக்கு இல்லை என்ற பேச்சு அதில் வரக் கூடாது. மேலேயிருந்து போன் வந்தால் காட்டுவதற்கு உங்கள் கையிலும் ஒரு காகிதம் இருக்கும். அதில் 22-ஏ என்று தலைப்பில் எழுதிவிட்டால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

ஸ்டூல் வாங்கச் செலவும் இல்லை, ஏற்கனவே வாங்கியதுதான். ஆடி ஸ்டாக் வந்து குடோன் நிரம்புவதற்குள் எடுத்தால் நல்லது, அப்புறம் மூட்டைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். எடுக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள், கடை திறப்பதற்கு முன்னாலேயே நாங்கள் வந்து துடைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஃப்ளோரில் சேலை விரித்துக் காட்டும் ஒருத்தி
தி.நகர், சென்னை