பலாவுக்கே போவோம், மச்சான்

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காது குத்து, அது முடிந்த கையோடு வீட்டில் வரிசையாக எல்லோருக்கும் காய்ச்சல். நேற்றுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன்.

டைவ் அடிக்க பசிபிக் கடலில் இருக்கும் சூக் தீவுக்குத்தான் போகவேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நிற்கிறாய். 1944 பிப்ரவரியில் இரண்டே நாளில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் அந்தக் காயலுக்குள் இன்னும் கிடக்கின்றன. எனக்கும் ஆசைதான். ஆனால் உன் பட்டியலில் முதலில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ மாருவின் ஆழத்தைப் பார்த்தாயா? தளத்தில் நிற்கும் டாங்கிகளைப் பார்க்கவே ஏறக்குறைய 50 மீட்டர் இறங்கவேண்டும். நம்மிடம் இருக்கும் டைவிங் சான்று அட்டை 30 மீட்டருக்குத்தான். அன்றைக்கு அந்தமான் ஹாவ்லாக்கில் 28 மீட்டரிலேயே, ஆழத்தில் போதை மாதிரி வரும் நைட்ரஜன் மயக்கம் உனக்கு ஏறி, என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னாய். எதற்கு வாழ்த்தினாய் என்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது.

ஃபுஜிகாவா மாருவின் தளம் 18 மீட்டர்தானே என்பாய். சரி. ஆனால் வழக்கமான வழி அமெரிக்காவின் குவாம் தீவு. அங்கே விமானம் மாற நமக்கு அமெரிக்க விசா வேண்டும். அதற்குள் இன்னொரு வயது கூடிவிடும். கோபித்துக்கொள்ளாதே, இன்னொன்றும் உண்டு: சில கப்பல்களில் செத்தவர்களின் எலும்பு இன்னும் இருக்கிறது. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதனால்தான் அதே பசிபிக்கில் இருக்கும் குட்டித் தீவு நாடான பலாவு என்கிறேன். தைபேயிலிருந்து நேராகப் பறந்துவிடலாம். அங்கே ப்ளூ கார்னர் என்ற பவளத்திட்டில், பவளத்தைத் தொடாமல் வெறும் பாறையில் கயிறு கட்டிய கொக்கியை மாட்டி, டைவ் ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டால் போதும். நீரோட்டத்தில் பட்டம் மாதிரி நிற்கலாம். சுறாக்கள் தம் பாட்டுக்கு நம் முன்னால் போகும். கால் அடிக்கவே வேண்டாம், நம் முட்டிக்காகவே செய்த டைவ்! 2009லேயே தன் கடல் முழுவதையும் சுறாக்களுக்குச் சரணாலயமாக்கிய நாடு அது. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் ஒரு உறுதிமொழியை முத்திரை குத்தி, நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக இந்த இடத்தைக் கெடுக்கமாட்டேன் என்று. எத்தனையோ விசாப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இதில்தான் சந்தோஷமாகப் போடுவேன்.

ஜெர்மன் சேனலும் உண்டு. பாஸ்பேட் ஏற்றிச்செல்ல ஜெர்மானியர் பவளத்திட்டை வெட்டித் திறந்த வாய்க்கால். இன்று கொம்புத் திருக்கைகள் அங்கே வந்து, சின்ன மீன்களிடம் உடம்பைக் காட்டிச் சுத்தம் செய்துகொள்கின்றன.

உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடவேண்டும். அந்த நாளை ஜெல்லி மீன் ஏரிக்கு வைத்துக்கொள்வோம். அங்கே சிலிண்டருக்கே அனுமதி இல்லை. சுமார் 15 மீட்டருக்குக் கீழே தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷம், தோல் வழியாகவே உள்ளே இறங்கும். மேலே ஸ்நார்க்கலோடு மிதந்தால் போதும். பொன்னிற ஜெல்லி மீன்கள் வெயில் போகும் பக்கமே கூட்டமாக நகரும். நம்மூர்ச் சொறி மீன் பட்ட மாதிரி உடம்பெல்லாம் தடிக்காது. 2016 வறட்சியில் ஏறக்குறைய காணாமலே போய், பிறகு மெல்லப் பெருகியவை.

பிப்ரவரி என்றால் மழை குறைவு. முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். பல சன்ஸ்கிரீன்களுக்கு அங்கே தடை. அதைவிட முக்கியம், உன் இடது காதை இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. மருத்துவப் படிவத்தில் பிரஷர் மாத்திரையை மறைக்காதே, நானும் மறைக்கவில்லை. கொக்கி இரண்டு வாங்கிவிட்டேன்.

உன்
மாப்ள