கூறு கட்டி விக்கிற அனிமே

டேய் தம்பி,

சாப்டியாடா. அம்மாகிட்ட சொல்லு, இங்க டோக்கியோவுல நிஷிகசாய் ஏரியால நம்மூர் மளிகை சாமான் எல்லாம் கெடைக்குது, புளி இல்லாம நான் ஒண்ணும் செத்துப் போயிடல. காலேஜ் நடக்குறப்ப வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல ஸ்டூடண்ட் விசால வேலை பாக்க முடியாது, அதனால ராத்திரி பகலா கஷ்டப்படுறேன்னு அழ வேணாம்னு சொல்லு.

சரி உன் பஞ்சாயத்துக்கு வரேன். ஸ்பை ஃபேமிலி அனிமே உன் ஹார்ட் டிஸ்க்ல 'பார்ட் 2'ன்னு தனி ஃபோல்டர்ல மறுபடி 1-ல இருந்து ஆரம்பிக்குது, உன் ஃப்ரெண்டுகிட்ட அதே எபிசோடு 13-ன்னு இருக்கு, யாருது சரின்னு கேட்டல்ல. இங்க டிவில போட்டது 13-தான்டா.

நான் வேலை பாக்குற பழைய டிஸ்க் கடைல முதல் வாரமே இதுல மாட்டிக்கிட்டேன். ஒரு தாத்தா வந்து பேத்திக்கு ஸ்பை ஃபேமிலி 'நிகி' வேணும்னாரு, நிகின்னா ரெண்டாவது சீசன், நானும் பெரிய இவளாட்டம் 2022 அக்டோபர்ல ஓடின டிஸ்க்க எடுத்து நீட்டினேன். அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு பின் அட்டைல எபிசோடு நம்பர் மேல வெரல வச்சு, இது நிகி இல்லம்மா, ரெண்டாவது கூருன்னாரு. எனக்கு மூஞ்சி செவந்துருச்சு.

கூருன்னா மூணு மாசம், பன்னெண்டு பதிமூணு எபிசோடு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துக்கு நாலு. எனக்கு கேட்டவுடனே சந்தைல தக்காளிய கூறு கட்டி வைப்பாங்களே அதான் ஞாபகம் வந்துச்சு, அர்த்தமும் கிட்டத்தட்ட அதேதான் பாரேன். ஒரு சீசன ரெண்டு கூரா பிரிச்சு நடுவுல கேப் விட்டுப் போட்டா 'புன்கத்சு நிகூரு'. வரையுறவங்களுக்கு மூச்சு விட டைம் வேணும்ல, நிறுத்தாம வாராவாரம் ஓட்டினா கடைசில படம் பல்லிளிச்சிரும். ஸ்பை ஃபேமிலி 2022 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 12, அக்டோபர்ல மறுபடி வந்து 13, ஆக மொத்தம் 25 எபிசோடும் ஒரே சீசன். நெஜமான நிகி 2023 அக்டோபர்லதான் வந்துச்சு, அதுவும் 26-ன்னு தொடர்ந்துதான் நம்பர் போட்டாங்க. மைஅனிமேலிஸ்ட் மாதிரி லிஸ்ட் போடுறவங்க தனித்தனியா ஓடினத தனித்தனி என்ட்ரியா வச்சு எண்ணிக்கைய மறுபடி ஒண்ணுல ஆரம்பிக்கிறாங்க, அவங்களுக்கு அது வசதி, அத ஃபோல்டர் பேரா வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குறீங்க.

இதாவது பரவால்ல. அட்டாக் ஆன் டைட்டன்னு இன்னொரு அனிமே இருக்கே, மூணு சீசன் முடிஞ்சு நாலாவதுக்கு 'ஃபைனல் சீசன்'னு பேரு வச்சு 2020 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, 60-ல இருந்து 75 வரைக்கும் 16 எபிசோடு. முடிஞ்சுதான்னு பாத்தா 2022 ஜனவரில ஃபைனல் சீசன் பார்ட் 2, 87 வரைக்கும். அப்பவும் முடியல. 2023 மார்ச்ல 'முடிவுப் பகுதி - முன்பாதி'ன்னு ஒண்ணு, நவம்பர்ல பின்பாதின்னு ஒண்ணு, ரெண்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற ஸ்பெஷல். கல்யாண வீட்டுல கெளம்புறேன் கெளம்புறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசுவாளே நம்ம அத்தை, அந்தக் கதைதான். இதுக்கு மேல எத்தன சீசன்னு கேட்டா நாலுன்னும் சொல்லலாம், எண்ணிக்கிட்டே போய் ஏழுன்னும் சொல்லலாம், எனக்கு நாலுதான் சரின்னு படுது.

நீ ஒண்ணு பண்ணு, சீசன் பார்ட்டுன்னு பேரு வைக்கிறத விட்டுட்டு, முதல்ல ஓடின வருஷம் மாசம், அப்புறம் தொடர் நம்பர், அவ்ளோதான். 2022-10, 13. தானா வரிசைல வந்து உக்காரும். கடை அலமாரில நானும் இப்ப அட்டைப் பேர பாக்குறதே இல்ல, பின்னாடி திருப்பி நம்பர பாத்துட்டுதான் அடுக்குறேன்.

அம்மா பருப்புப் பொடியும் வடகமும் அனுப்புறேன்னாங்க. ரெண்டு கூறா பிரிச்சு அனுப்பாம ஒரே பார்சலா போடச் சொல்லு, போன தடவ வடகம் வந்து ஒரு மாசம் கழிச்சுதான் பொடி வந்துச்சு.

அக்கா