நாற்றுக்கு மா, நெல்லுக்கு லுவா

ஹோ சி மின் நகரம்,
ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் "ம், சரி" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுகிற நீங்கள் ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ரெண்டு மாதமாக ஒரு வரி போடாததற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உடம்புக்கு ஒன்றும் இல்லையே" என்று கேட்டுவிட்டீர்கள். ஒன்றும் இல்லை, வேலை நெருக்கம்தான். கூட இருந்த பையன் காலி செய்துவிட்டான். அறை முழுக்க எனக்கே, வசதியாக இருக்கிறது.

பாஷைதான் பாடு. வரும்போது வியட்நாமியச் சொல்லுக்கு இங்கிலீஷில் அர்த்தம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன் இல்லையா? எழுத்தும் ஏபிசிடிதான், சுலபம் என்று நினைத்தேன். அதில் லுவா என்றால் 'ரைஸ்', காவ் என்றால் 'ரைஸ்', கோம் என்றாலும் 'ரைஸ்'. கடைக்குப் போய் அஞ்சு கிலோ கோம் கேட்டேன். கடைக்காரம்மா சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கேட்டது அஞ்சு கிலோ சோறு!

இங்கிலீஷ்காரனுக்கு எல்லாம் ஒன்றுதான். நமக்கு அப்படியா? லுவா நெல், காவ் அரிசி, கோம் சோறு, சாவ் கஞ்சி, காம் தவிடு, ரோம் வைக்கோல். நாற்றுக்கு மா. நமக்கு மா என்றால் நிலம், இவர்களுக்கு அதில் நடுகிற பயிர். அதையும் தொண்டையை அழுத்திச் சொல்ல வேண்டும், சும்மா சொன்னால் பேய் என்று அர்த்தமாகிவிடும். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் இந்தப் புத்தகத்தை நீங்கள் எழுதியிருந்தால் நான் சோறு கேட்டு நின்றிருக்க மாட்டேன்.

உறவுமுறையும் அப்படித்தான். பாக் பெரியப்பா, சூ சித்தப்பா, கவ் தாய்மாமன். புத்தகத்தில் மூன்று பேருமே 'அங்கிள்'. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லோரும் என் வயதைக் கேட்டார்கள். எரிச்சலாக இருந்தது. அண்ணனா தம்பியா என்று தெரியாமல் கூப்பிட முடியாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

கீழே ஒரு பாட்டி கடை போட்டிருக்கிறார். பாட்டிக்கு இங்கே பா. மேகோங் டெல்டாக்காரர், கந்தோ பக்கம். நானும் டெல்டாதான் என்றதிலிருந்து தனி கவனிப்பு. விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிடுவார். கூண்டில் ஒரு மைனா. அது பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு அரைநாள் அதோடு பேசமாட்டார். விற்பது கோம் தம். நம் வீட்டில் கோழிக்குப் போடுகிற குருணைதான் அப்பா, அதை வடித்து, சுட்ட கறித்துண்டு வைத்து, மீன்சாற்றை ஊற்றித் தருகிறார்கள். ருசி! இப்போது ராத்திரியும் அங்கேயேதான். நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார், மாசக் கடைசியில் கொடுத்தால் போதும்.

பொங்கலன்று அவர் "கோன் ஞோ ஞா கோங்?" என்று கேட்டார். கோன் என்றால் பிள்ளை, ஞா வீடு. ஞோ என்றால் ஞாபகம் வைத்திருப்பது என்று எப்போதோ படித்தது. வீடு ஞாபகம் இருக்கிறதா என்கிறார், வழி தவறிவிடுவேன் என்று பயப்படுகிறார்போல என்று நினைத்து, இருக்கிறது பா, மூணாவது மாடி, இடது பக்கம் என்றேன். பாட்டி சிரிக்கவில்லை. இன்னொரு முட்டையைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். மேலே வந்து புத்தகத்தைப் பார்த்தால் அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கிறது. வீட்டு நெனப்பு வந்துருச்சாப்பா என்று கேட்டிருக்கிறார். அம்மா கேட்கிற மாதிரியே. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, அதை விடுங்கள். சம்பா அறுப்பு ஆரம்பித்தாச்சா? மிஷின் கிடைத்ததா? சித்தப்பாவோடு வரப்புத் தகராறில் நீங்கள் வாய் கொடுக்க வேண்டாம், வடக்குத் தெரு பெரியப்பாவை வைத்து அளந்துவிடுங்கள். இந்த முறை பணம் குறைவாக வந்ததற்கு அம்மா ஒன்றும் நினைக்க வேண்டாம். அடுத்த மாதம் இவர்களுக்குத் தெத், புதுவருஷம், எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நகைக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள், தங்கச்சி வளைகாப்புக்கு முன்னால் மீட்டுவிடலாம். அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அம்மா சொன்னபடி மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டேன். பென் தான் மார்க்கெட் பக்கம், அந்தக் காலத்தில் நம்மவர்கள் கட்டியது. இந்த ஊர்க்காரர்களும் கட்டுக் கட்டாக ஊதுபத்தியோடு வருகிறார்கள். அவர்களுக்கு அவள் இந்தியப் பாட்டி.

மோட்டாருக்கு காயில் கட்ட எவ்வளவு கேட்கிறான் என்று எழுதுங்கள்.

அன்புள்ள மகன்