மீனாவுக்கு, பாலிசி விஷயமாக

அன்புள்ள மீனா,

நேற்று போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

உன் ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டு குரூப் பாலிசியில் எங்களைச் சேர்க்கிறேன் என்றாய். சரி, சேர்த்துவிடு. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் வேலை பார்த்தேன். ரிட்டயர் ஆன அன்றே கம்பெனி பாலிசியும் போய்விட்டது. நாளைக்கு நீ வேலை மாற நினைத்தாலோ, குழந்தையோடு கொஞ்ச நாள் வீட்டில் இருக்க நினைத்தாலோ, எங்கள் பாலிசி உன் காலைக் கட்டக் கூடாது.

போன வருஷம் அம்மாவின் பித்தப்பை ஆபரேஷனில் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நம் பாலிசி ஃப்ளோட்டர், இருவருக்கும் சேர்த்தே 3 லட்சம். அதில் அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000தான். கிடைத்த அறையோ 6,000. வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று பார்த்தால், அறை வாடகையில் பாதிதான் வரம்புக்குள் என்று சொல்லி, அதே விகிதத்தில் சர்ஜன் பீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதியை வெட்டியிருந்தார்கள். மருந்துக்கு மட்டும் வெட்டவில்லை. ஆபரேஷனுக்காகக் கழற்றிய அம்மாவின் வளையல்கள் என் சட்டைப்பையில் கர்ச்சீப்பில் சுற்றியிருந்தன. வீல்சேரில் உட்கார்ந்தபடி, "அதை அடகு வெச்சுடுங்களேன்" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் இந்த ரினியூவலில் ஃப்ளோட்டர் வேண்டாம். ஒருவருக்கே பணம் தீர்ந்துவிட்டால் அந்த வருஷம் இன்னொருவர் என்ன செய்வது? ஆளுக்குத் தனித்தனியாக 5 லட்சம், அறை வாடகை வரம்பு இல்லாததாகப் பார். கோ-பே, அதாவது பில்லில் நாம் கட்டவேண்டிய பங்கு, 20 சதவீதம் என்றால் பிரீமியம் குறைவுதான், ஆனால் 4 லட்சம் பில்லில் 80,000 நம் கையிலிருந்து போகும். 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்கு ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி போதும். பழைய பாலிசியை விடாமல் வேறு கம்பெனிக்கு போர்ட் செய்தால், அதாவது மாற்றினால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. 70 வயதானதும் மத்திய அரசின் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு கார்டும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே.

பாரம் நிரப்பும்போது என் சர்க்கரை, அம்மாவின் பிரஷர், இந்த ஆபரேஷன் எதையும் மறைக்காதே. ஏஜென்ட் வேண்டாம் என்றாலும் எழுது. பிரீமியத்தை நானே கட்டுகிறேன், அதில் மட்டும் பிடிவாதம் பிடிக்காதே.

பழைய பாலிசியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பீரோவில் பச்சை பைலில் இருக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா