வட்டப் பாதைக்கு வேண்டிய குறுக்குச் சாலைகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய வரைபடத்தையும் நாள்வாரித் திட்டத்தையும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். ஆறு நாள் பைக் பயணம், 1,500 கிலோமீட்டர், முதலில் கடற்கரை, பிறகு வயல்வெளிகள் வழியாக உள்நாடு, கடைசியில் புறப்பட்ட இடம் என்று அழகாக வரைந்திருக்கிறாய். போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பைக் ஓட்டியவள் நான், பின்னிருக்கையில் அமர்ந்து வழி சொன்னவர் உன் அப்பா என்னும்போது இந்த வீட்டில் அப்படிச் சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. ஆனால் நீ வரைந்த கோட்டில் ஒரு குறை இருக்கிறது. அதைப் புறப்படுவதற்கு முன்பே திருத்திவிட முடியும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

போன வழியே திரும்பி வரும் பயணத்தில் எந்த இடத்திலும் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம்; திரும்பும் சாலை தெரிந்த சாலையாகவும் இருக்கும். வட்டமாகச் சுற்றிவரும் பயணத்தில் அந்த வசதி இல்லை. மூன்றாம் நாள் மாலையில் உனக்குக் காய்ச்சல் வந்தாலும், விடாத மழை பிடித்துக்கொண்டாலும், சக்கரத்தின் பேரிங்கிலிருந்து சத்தம் வரத் தொடங்கினாலும், முன்னே போனாலும் பின்னே போனாலும் வீடு 750 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும். எப்படியும் போய்த்தானே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் மனிதனுக்கு அந்த இடத்தில்தான் வருகிறது. களைத்த உடலோடு இருட்டில் தெரியாத சாலையில் ஓட்டத் துணிவதும் அப்போதுதான். ஆகையால் நீ சுற்றப்போகும் பாதையை வரைந்தால் மட்டும் போதாது, அதை இடையில் வெட்டிக்கொண்டு வரும் பாதைகளையும் வரைய வேண்டும்.

உன் வரைபடத்தில் கடலோரச் சாலையும் உள்நாட்டுச் சாலையும் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. அவற்றை ஏணியின் இரு கால்களாக எடுத்துக்கொண்டால், நடுவில் படிகளாக நாலைந்து குறுக்குச் சாலைகளாவது கிடைக்கும். லாரி போகும் அளவுக்கு நல்ல தார்ச் சாலைகளாகப் பார்த்து அவற்றை வேறு நிறத்தில் குறித்துக்கொள். ஒவ்வொரு நாளும் எந்தக் குறுக்குச் சாலையின் முனையை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்பதையும் எழுதி வைத்துவிடு. அந்த மணிக்குள் நீ அங்கே இல்லையென்றால் மேலே போகாமல் குறுக்கே திரும்பிவிடுவது என்பதை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்துகொள். ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி எடுக்கும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தங்கும் அறைகளையும் முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் உறுதி செய்துவிட்டு, மற்றவற்றைப் பணம் இழக்காமல் ரத்து செய்யக்கூடியவையாகப் பிடி. அறைக்குக் கட்டிய பணம் வீணாகிறதே என்ற எண்ணம் மழையைவிட அதிகமாகத் தொல்லை கொடுக்கும்.

அடுத்தது தூரத்தைப் பங்கிட்டிருக்கும் முறை. 1,500ஐ ஆறால் வகுத்து ஒவ்வொரு நாளுக்கும் 250 என்று எழுதியிருக்கிறாய். உள்நாட்டு நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் கிடைத்தால் அது நாலரை மணி நேர வேலை. கடலோரத்தில், வளைவுகளும் மீனவர் குடியிருப்புகளும் நீ படம் எடுக்க நிறுத்தும் இடங்களுமாகச் சராசரி 35ஆக இறங்கிவிட்டால் அதே தூரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஓட்டும் நேரம் ஐந்து மணி என்று வைத்துக்கொண்டு திட்டத்தைத் திரும்ப எழுது. அப்படி எழுதினால் இந்த வட்டம் ஆறு நாளில் அடங்காது என்பது உனக்கே தெரியும். ஒரு நாளைக் கூட்டு, அல்லது 200 கிலோமீட்டரைக் குறை. இரண்டும் முடியாது என்றால் குறுக்குச் சாலைகளில் ஒன்றையே பாதையாக்கிச் சிறிய வட்டமாகச் சுற்று.

சுற்றும் திசையையும் மாற்றச் சொல்லுவேன். நீ இடஞ்சுழியாக வரைந்திருக்கிறாய். வண்டிகள் சாலையின் இடப்புறம் ஓடும் நாட்டில், கடல் வட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும்போது, வலஞ்சுழியாகப் போனால் கடல் உன் இடக்கைப் பக்கம் வரும். நடுவில் எதிர்வரும் வண்டிகள் மறைக்காமல் கடல் தெரியும் என்பது அதில் கிடைக்கும் சிறிய லாபம். பெரிய லாபம் என்னவென்றால், கடலைப் பார்க்க ஒதுங்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டியிருக்காது. வலப்புறம் ஓட்டும் நாட்டில் இதெல்லாம் தலைகீழாகும்.

அதோடு உள்நாட்டை முதலில் வைத்துக்கொள். சுமை ஏற்றிய வண்டி நீ தினமும் ஓட்டும் வண்டி அல்ல. அது பிரேக்குக்கும் வளைவுக்கும் எப்படி இணங்குகிறது என்பதைப் பக்கக்காற்று இல்லாத சாலையில் இரண்டு நாள் பழகிக்கொண்டு, கடலுக்கு வந்து சேரும் ஊரில் ஒரு நாள் முழுவதும் ஓட்டாமல் இரு. களைப்பு முதல் நாளில் தெரியாது. மூன்றாம் நாளில்தான் தோளிலும் கழுத்திலும் வந்து உட்காரும். அப்போது பார்வை கூர்மையாக இருந்தாலும் கை தாமதமாகவே நகரும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அரை நொடித் தாமதம் எவ்வளவு சாலையைத் தின்னும் என்று புரியும்.

கடலோரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் வரைபடம் அதிகமாக ஏமாற்றுவது அங்கேதான். கரையை ஒட்டி ஒரே கோடாகத் தெரியும் சாலை, ஆறு கடலில் கலக்கும் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் பாலத்தைத் தேடி உள்ளே வளைந்துவிட்டு மறுபடி வெளியே வரும். கண்ணுக்கு எதிரே தெரியும் அக்கரைக்குப் போக 30, 40 கிலோமீட்டர் சுற்ற நேரிடலாம். படகில் வண்டியை ஏற்றிக் கடக்கும் வசதி உள்ள இடங்களில், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும், காற்றடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிடு. கடல் ஏற்றம் வரும்போது தண்ணீரில் மூழ்கும் தாழ்ந்த பாதை ஏதாவது உன் வழியில் இருந்தால், பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறும் என்பதையும், அதனால் ஏற்ற நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும் என்பதையும் மனதில் வை. நேற்று ஒருவர் 10 மணிக்குக் கடந்தார் என்பது இன்று உனக்கு உதவாது.

காற்றுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். அது முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது தணியும். ஆகவே கடலோரச் சாலையைக் காலையிலேயே ஓட்டி முடித்துவிடு. காற்றின் வேகம் இருமடங்கானால் அது உன்னைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், பக்கப் பெட்டிகளும் உயரமாகக் கட்டிய மூட்டையும் பிற்பகலில் படகின் பாயாகவே மாறிவிடும். குன்றின் மறைவிலிருந்து திறந்த வெளிக்கு வரும் கணத்திலும், எதிரே பெரிய லாரி கடந்துபோகும் கணத்திலும் வண்டி சட்டென்று நகரும். அப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டு தோள்களைத் தளர்த்தி வை. வண்டி தானே நேராகும்.

வளைவுகளில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் கிடக்கும். மணலின் மேல் முன் பிரேக்கைப் பிடிக்காதே, ஏபிஎஸ் இருக்கிறது என்ற துணிவும் வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. உப்புக் காற்று கண்ணுக்குத் தெரியாமல் செயினிலும் மின் இணைப்புகளிலும் படியும் என்பதால், ஒவ்வொரு மாலையும் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து வண்டியை மெதுவாகக் கழுவி, செயின் காய்ந்த பிறகு அதற்கு எண்ணெய் போடு. வேகமாகப் பீய்ச்சும் குழாயைச் சக்கரத்தின் நடுவில் காட்டினால் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து உள்ளிருக்கும் கிரீஸைக் கெடுத்துவிடும். உள்நாட்டை முதலில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: உப்பில் நனைந்த வண்டி சீக்கிரமாக வீட்டுக்கு வந்து நன்றாகக் குளித்துவிடும்.

உள்நாட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. டிராக்டர் சிந்திய சேறு, சாலையில் காயவைத்த தானியம், மாலையில் வீடு திரும்பும் மாடுகள், இவையெல்லாம் நீ அறிந்தவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாலையில் உன் நிழல் உனக்கு முன்னால் நீளமாக விழுந்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று மகிழாதே. எதிரே வருகிறவனின் கண்ணில் அதே வெயில் நேராக அடித்துக்கொண்டிருக்கும். உனக்கு அவன் தெரிவான், அவனுக்கு நீ தெரியமாட்டாய்.

சுமையை ஏற்றும்போது கனமானவற்றைத் தாழ்வாகவும் வண்டியின் நடுவை ஒட்டியும் வை. பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் கனம் முன்சக்கரத்தை லேசாக்கிவிடும், பிறகு வளைவில் கைப்பிடி பேச்சைக் கேட்காது. பின்புறம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேல்நோக்கிப் போய் எதிரே வருகிறவர்களின் கண்ணைக் கூசவைக்கும், ஆகவே சுமையோடு ஒரு முறை விளக்கைச் சரிபார்த்துக்கொள். டயரில் காற்று எவ்வளவு என்பதை வண்டியின் கையேட்டில் சுமைக்கென்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதை டயர் சூடேறாத காலை நேரத்தில்தான் அளக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். டயரின் வரிப்பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போன பழைய டயரோடு ஈரச் சாலைக்குப் போகக் கூடாது.

உன் வண்டியின் டேங்க் 13 லிட்டர், லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கிடைக்கும், ஆகவே 455 கிலோமீட்டர் போகலாம் என்று எழுதியிருக்கிறாய். பெருக்கல் சரிதான். சுமையும் எதிர்க்காற்றும் அந்த 35ஐ இறக்கிவிடும் என்பதால், 300 ஓடியதும் கண்ணில் படும் முதல் பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள். வழியில் பங்கே இல்லாத நீண்ட துண்டு எது என்பதை முன்கூட்டியே பார்த்து, அதற்குள் நுழைவதற்கு முன் டேங்க் நிறைந்திருக்குமாறு செய்.

வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம் என்று தோன்றும். காற்றின் சூடு தோலின் சூட்டை, அதாவது ஏறக்குறைய 35 டிகிரியை, தாண்டிவிட்டால் மேலே படும் காற்று வெப்பத்தை உடலுக்குள்தான் கொண்டுவரும். வியர்வையையும் நீ உணர்வதற்கு முன்பே உலர்த்திவிடும். காற்றோட்டமுள்ள ஜாக்கெட்டை மூடியே வைத்துக்கொண்டு, தாகம் எடுக்கும்வரை காத்திராமல், நிறுத்தும் இடத்திலெல்லாம் தண்ணீர் குடி.

கைபேசியைக் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு வழி பார்ப்பதாக எழுதியிருந்தாய். பைக் எஞ்சினின் கடுமையான அதிர்வு கைபேசிக் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்திருக்கிறது. நேரடியாகப் பொருத்தாமல் அதிர்வு தாங்கும் தாங்கியில் வை. சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்குமாறு வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள். அதையும் நம்பாமல், குறுக்குச் சாலைகள் குறித்த காகிதம் ஒன்றை டேங்க் பையில் வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. நீ போகும் இடத்தை நிமிடத்துக்கு நிமிடம் எங்கள் கைபேசிக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் புள்ளி நகராமல் நின்றால் உன் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. இரவு தங்குமிடம் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. எட்டு மணிக்குள் அது வராவிட்டால் நாங்கள் அழைப்போம், நீ எடுக்காவிட்டால் அன்று தங்கவிருந்த விடுதியை அழைப்போம். அதற்காக எல்லா விடுதிகளின் எண்களையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடு.

திருத்திய வரைபடத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அதில் குறுக்குச் சாலைகளும், ஒவ்வொன்றுக்கும் நேர எல்லையும், ஓட்டாமல் தங்கும் நாளும் இருக்க வேண்டும். அதோடு பின் டயரின் அந்த நான்கு இலக்க எண்ணையும் நேரில் பார்த்து எழுதி அனுப்பு, ஞாபகத்திலிருந்து எழுதாதே.

அன்புடன்,
அம்மா