செல் விழுந்தது

ஒட்டுசுட்டான்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை வந்தது. மகனுக்குப் பல் முளைத்த கதையை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே காலபோக வெட்டு முடிந்துவிட்டது. முற்றம் முழுக்க நெல் காய்கிறது, கோழி கலைப்பது என் வேலை. வளாகம் தொடங்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.

ஆங்கிலச் சிறப்புப் பட்டத்தில் அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். இந்த ஆண்டு நடையியலும் விமர்சனச் சொல்லாடல் பகுப்பாய்வும். முதலாவது இலக்கியத்தின் மொழிநடையை ஆராய்வது, மற்றது செய்திகளிலும் அறிக்கைகளிலும் அதிகாரம் எப்படி மொழிக்குள் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது. பெயரைக் கேட்டுப் பயப்படாதே. ஒரு வசனத்தில் யார் செய்தார், யாருக்குச் செய்தார், யாருடைய பெயர் விடுபட்டது என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

1975 ஜூனில், அன்றைய ரொடீசியாவின் சலிஸ்பரியில் (இன்றைய ஹராரே) பொலிசார் ஆட்களைச் சுட்டுக் கொன்றார்கள். லண்டன் டைம்ஸின் தலைப்பில் கலகம் செய்த கறுப்பர்கள் முன்னுக்கு வந்தார்கள், பொலிஸ் பின்னுக்குப் போனது. மறுநாள் செய்தியில் பொலிசே இல்லை, ‘கலவரத்தில்’ இத்தனை பேர் இறந்தார்கள், அவ்வளவுதான். 1979இல் டோனி ட்ரூ என்ற ஆய்வாளர் இதை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பத்தாம் ஆண்டில் தமிழ் ரீச்சர் தோன்றா எழுவாய் படிப்பித்தது ஞாபகமா? ‘கொன்றான்’ என்றால் ‘அவன்’ உள்ளே நிற்கிறான், விகுதியே காட்டிக்கொடுக்கும். ‘கொல்லப்பட்டனர்’ என்று எழுதிப் பார். அந்த விகுதி செத்தவர்களைத்தான் காட்டுகிறது. கொன்றவனுக்கு அந்தச் சொல்லில் ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை. எத்தனை வருடம் பேப்பரில் வாசித்தோம், ஒரு நாளும் எனக்கு இது பிடிபட்டதில்லை.

ஆனால் எங்கள் அம்மாமாருக்குப் பிடிபட்டிருந்தது. காணாமல் போனவர்களுக்காக இலங்கையில் ஒரு அலுவலகம் அமைத்த 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ‘காணாமல் போன ஆட்கள்’ என்றது. 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் இருந்த அம்மாமார் ‘போனவர்கள் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ என்றார்கள். போவது தானாக நடக்கும். ஆக்க ஒரு ஆள் வேண்டும். இந்தச் சொல்லிலும் அந்த ஆளின் பெயர் இல்லைத்தான், ஆனால் ‘யாரால்?’ என்ற கேள்வி அதை விட்டுப் போகாது.

சரி, இனி என்னைப் போட்டு அலைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அம்மம்மா மாமாவைப் பற்றிப் பேசினால் ஒரே மாதிரித்தான் சொல்லுவா: “செல் வந்து விழுந்தது. பிள்ளை போயிட்டான்.” செல், அதுதான் அந்த எறிகணை, தானாக வந்ததாம், மாமா தானாகப் போனாராம். பாடத்தில் படித்ததை வைத்துப் பார்த்தால் இதிலும் செய்தவன் மறைக்கப்பட்டிருக்கிறான். அம்மம்மா யாரை மறைக்கப்போகிறா? எனக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை.

விடை நடையியல் பக்கத்திலிருந்து வந்தது. ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்கின் நாவல் ஒன்றில் லொக் என்ற ஆதிமனிதன் வருகிறான். எதிரே ஒருவன் வில்லை வளைக்கிறான். லொக்குக்கு வில் தெரியாது. ஒரு தடி இரண்டு முனையிலும் குட்டையாகி மறுபடி நீளுவதைத்தான் அவன் காண்கிறான். 1971இல் மொழியியலாளர் ஹாலிடே இந்த வசனங்களை ஆராய்ந்தார். அவற்றில் பொருட்கள் தாமாக அசைகின்றன. ஒருவர் ஒன்றைப் பிடித்து ஏதாவது செய்வது மிகக் குறைவு, ஏனென்றால் அதற்கு மேல் லொக்கால் காண முடியாது.

எடி, பதுங்கு குழியில் இருந்தவர்களுக்கும் அப்படித்தானே? சுட்டவன் எங்கேயோ தூரத்தில். இவர்கள் கண்டது விழுந்ததை மட்டும். அறிக்கை எழுதுகிறவருக்குச் செய்தவன் யாரென்று தெரிந்தும் வசனத்தில் இடம் கொடுக்கவில்லை. அம்மம்மா கண்டதைக் கண்டபடி சொல்கிறா. இலக்கணம் இரண்டுக்கும் ஒன்று, சொல்கிற ஆளும் நிற்கிற இடமும் வேறு. வாசகர் தமக்கு வேண்டியதைப் பனுவலுக்குள் ஏற்றிவிடுவார்கள் என்று விடோசன் என்ற மொழியியலாளர் விமர்சனச் சொல்லாடல் பகுப்பாய்வுக்காரரோடு வாதாடினார். முன்பு அவரில் எனக்குக் கோபம். அம்மம்மாவின் வசனத்தைப் பிழையாக வாசிக்கப் பார்த்த பிறகு, அந்த எச்சரிக்கை எனக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆய்வுக் கட்டுரையை இதிலேயே எழுதப் போகிறேன். ஆங்கிலச் செய்திகளை ஒரு பக்கமும் எங்கள் சனத்தின் பேச்சை மறுபக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். பேச்சை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘விழுந்தது’ விழுந்ததாகவே இருக்க வேண்டும். அதுதான் எனக்கு இப்போது பெரிய பயம்.

உன் அம்மாவிடம் கேட்டுப் பார். அவவுக்கு மனம் இருந்தால் மட்டும். வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று அவ சொல்வதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி அனுப்பு. அழுதா என்றால் விட்டுவிடு, இன்னொரு நாள் பார்க்கலாம்.

மழை இருட்டுகிறது, நெல்லை அள்ள வேண்டும்.

உன் அன்புத் தோழி